மாங்குளத்துப் பெண்ணாக நடித்தவரைப் பற்றி மாங்குளத்திலிருந்து ஒரு கடிதம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையை நான் இரண்டு தரம் வாசிக்கிறவள். வாங்கின அன்று ஒருதரம், பிறகு முறிகண்டிப் பிள்ளையாரடியில் நான் விற்கிற கச்சானுக்கு, அதாவது நிலக்கடலைக்கு, சுருள் சுற்றும்போது இன்னொருதரம். முதல் தரம் வாசிக்கும்போது மரண அறிவித்தல், பரீட்சை முடிவு, மழை வருமா என்று பார்ப்பதோடு சரி. இரண்டாம் தரம்தான் ஆறுதலாக வாசிப்பேன், பஸ் வந்து நிற்கும் வரைக்கும் எனக்கு வேறு என்ன வேலை. அப்படித்தான் போன மாதத்து ஞாயிறு சினிமாப் பக்கம் கையில் அகப்பட்டது. நந்திதா தாஸ் தன் நடிப்புக் காலத்தைத் திரும்பிப் பார்ப்பது பற்றியும், இப்போது படம் இயக்குவது பற்றியும் ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். அந்தப் பக்கத்தில் நான் கச்சான் சுற்றவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் காட்டி, இரண்டு பேரும் சண்டை பிடித்து, அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், பொருளைத் திருத்தவேண்டாம்.

முழுப்பக்கம் என்று சொன்னேன் அல்லவா, அதில் பாதி அவருடைய நிறத்தைப் பற்றி. கறுப்பாக இருந்தும் சாதித்தவர், மேக்கப் இல்லாமலே அழகு, கண்ணில் சோகம் குடியிருக்கும் முகம் என்று இப்படியே போகிறது. மிச்சத்தில் பாதி யாரோடு நடித்தார் என்ற பட்டியல். அவர் இயக்கிய மூன்று படங்களும் கடைசி இரண்டு வரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன, கடைசி பஸ்ஸில் சனம் நிற்கிறமாதிரி. அதிலும் ஒரு படத்தின் பெயரைப் பிழையாக அச்சடித்திருக்கிறீர்கள். படத்துக்குக் கீழே போட்டிருந்த வரிதான் எனக்கு ஏறிவிட்டது: ஈழத்துத் தாயாக உருகியவராம். உருகியது சரி. அவர் உருகி முடித்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது ஐயா. அதற்குப் பிறகு அவர் செய்த வேலைக்குத்தான் ஒரு பக்கம் கொடுத்திருக்கவேண்டும்.

நிறத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. கறுப்பும் அழகுதான் என்று சென்னையில் 2009இல் தொடங்கிய ஒரு பிரசாரத்துக்கு அவர் தன் முகத்தையே கொடுத்தவர். எங்கள் ஊரிலும் கலியாணம் பேசி வருகிறவர்கள் முதலில் பெட்டையின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள், பிறகுதான் படிப்பு. ஆனால் ஒரு ஆள் கமராவுக்கு முன்னால் நின்றதை ஒரு பக்கமும், கமராவுக்குப் பின்னால் நின்றதை இரண்டு வரியுமாக எழுதினால் அது என்ன கணக்கு?

தலைப்பில் வேறு ‘நடிகை இயக்குநராகிறார்’ என்று ஆச்சரியக்குறி போட்டிருந்தீர்கள். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படத்தில் கதாநாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமி 1936இலேயே ‘மிஸ் கமலா’வை இயக்கிவிட்டார். பானுமதி 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் எடுத்தவர். சாவித்திரி ‘குழந்தை உள்ளம்’ எடுத்தார், பிறகு சிவாஜியை வைத்து ‘பிராப்தம்’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்டார். அவர் நொடித்துப்போன கதையை எல்லோரும் கண்ணீரோடு சொல்வார்கள், அவர் படம் எடுத்த கதையைக் கேட்டால் அவருக்கேன் அந்த வேண்டாத வேலை என்பார்கள். சுகாசினி 1995இல் ‘இந்திரா’ எடுத்தார். ரேவதி 2002இல் ஷோபனாவை வைத்து, பெண்களையே குழுவாகச் சேர்த்து ஒரு ஆங்கிலப்படம் எடுத்தார், ஷோபனாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எங்கள் இலங்கையை எடுத்தால் மாலினி பொன்சேகா இருந்தார். 1978இல் ‘பைலட் பிரேம்நாத்’தில் சிவாஜிக்கு மனைவியாக வந்தாரே, அவரேதான். அவரும் எண்பதுகளிலேயே படம் இயக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? பாட்டுக் காட்சியைக் கேட்டால் மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சரி, மாங்குளத்துக்கு வருகிறேன்.

‘கன்னத்தில் முத்தமிட்டால்’ எங்கள் ஊரில் தொடங்கும் படம். மாங்குளத்தில் சியாமா என்ற பெட்டைக்குக் கலியாணம் நடக்கும், புருஷன் காட்டுக்குப் போய்விடுவான், அவள் வள்ளமேறி இராமேஸ்வரம் போய் அகதி முகாமில் பிள்ளையைப் பெற்று, அங்கேயே விட்டுவிட்டுப் புருஷனைத் தேடித் திரும்பி வந்துவிடுவாள். அந்தச் சியாமாதான் நந்திதா தாஸ். படம் எடுத்தது இந்தியாவில். படத்தில் வரும் மாங்குளத்தைப் பார்த்து எங்கள் ஊர்ச் சனம் சிரித்தது. சந்தி இல்லை, ரயில் நிலையம் இல்லை, துணுக்காய்க்குப் பிரியும் றோட்டு இல்லை, இப்படிப் பச்சைப்பசேல் என்று எங்கே ஐயா இருக்கிறது மாங்குளம். பேச்சும் எங்கள் பேச்சு இல்லை. ஆனாலும் பெரிய திரையில் மாங்குளம் என்று ஒரு சொல் வந்ததே, அதற்கே சந்தோஷப்பட்டோம்.

அந்தப் படம் வந்தது 2002 பெப்ரவரி 14. எட்டு நாள் கழித்து, 22ஆம் திகதி, போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. படத்தின் முடிவில் மழைக்குள் நின்று மகள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பாள், தாய் பதில் சொல்லமாட்டாமல் அழுவாள். என்னோடு வா என்று பிள்ளை கூப்பிட, இந்த மண்ணில் ஒருநாள் அமைதி வரும், அப்போது நீ வா என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அதே வருடம் பாதை திறந்து, அடுத்த வருடம் நான் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குச் சித்தி வீட்டுக்குப் போய், கைப்பிள்ளையோடு நிலத்தில் இருந்து சீடியில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். அமைதி வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு பார்த்தேன். வன்னிக்குள் அப்போது லைன் கரண்ட் இல்லை, ரீவி பார்ப்பதென்றால் ஜெனரேற்றர் வைத்திருக்கும் வீட்டில் எண்ணெய்க்குக் காசு சேர்த்துக் கொடுக்கவேண்டும், ஆகவே சித்தி வீட்டு ரீவியை ஏதோ கோயில் மாதிரிப் பார்த்தேன். மடியில் கிடந்த அந்தப் பிள்ளைதான் இப்போது என்னோடு சண்டை பிடிக்கும் மகள்.

(இடையில் ஒன்று. அந்தப் படத்தில் மகளாக வந்த கீர்த்தனா, பார்த்திபனின் மகள். அதே வருடத் தொடக்கத்தில் வந்த ‘அழகி’யில் பார்த்திபனின் பழைய காதலி நந்திதா தாஸ். அப்பாவுக்குக் காதலி, அடுத்த மாதமே மகளுக்குத் தாய். சித்தி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.)

அழுகிற முகமென்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பார்த்து நாங்களும் அழுதோம், அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சியாமாவுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு கெட்டகாலம் தொடங்கியது. வன்னிப் பெண் என்றால் அழவேண்டும் என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் முடிவுகட்டிவிட்டான்.

2010இல் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தோம். கொஞ்சக் காலத்தில் வீட்டுத்திட்டம் வந்தது. கல்லரிந்து, மண் சுமந்து, நானும் தமையனுமாக நின்று கட்டினோம். சாந்து பூசி, கதவு போட்டு, பால் காய்ச்சிக் குடிபுகுந்து இரண்டாவது கிழமை ஒரு வாகனம் வந்து நின்றது. யார், எந்த நிறுவனம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், நல்ல பிள்ளைகள்தான், வெயிலுக்குள் தண்ணீர்ப் போத்தலோடு வந்தவர்கள். ஆவணப்படம் எடுக்கப்போகிறோம் அக்கா என்றார்கள். புதுவீட்டு விறாந்தையில் கதிரை போட்டேன். கமராவை வைத்துப் பார்த்த தம்பி தலையாட்டினார். “அக்கா, அந்தத் தகரக் கொட்டிலுக்கு முன்னால இருப்பமா?” கொட்டில் என்றால் நாங்கள் முதல் இருந்தது, அப்போது அதற்குள் கோழி. கோழியைக் கலைத்துவிட்டு அதற்கு முன்னால் போய் இருந்தேன். என் புருஷனுடைய படத்தை மடியில் வைத்திருக்கச் சொன்னார்கள், வைத்தேன். அவர் காணாமல் போனது எப்படி என்று கேட்டார்கள், சொன்னேன். சொல்லும்போது சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்திருக்கிறேன், தூசி இருந்தது, வேறொன்றுமில்லை. “அக்கா, மைக் பிடிக்கேல்லை, இன்னொருக்கா அப்பிடித் துடையுங்கோ.” துடைத்தேன். மூன்றாம் தரமும் துடைத்தேன். அழுகை வரவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது, இவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கொடுக்க முடியவில்லையே என்று. அன்றைக்குக் கச்சான் வறுக்கப் போயிருந்தால் இரண்டு தாச்சி வறுத்திருப்பேன்.

அந்தப் படத்தை இதுவரை நான் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு நாட்டில் காட்டினார்களாம்.

இப்படி நாலைந்து தரம் நடந்துவிட்டது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: உங்களுக்கு என்ன நடந்தது, உங்களுக்கு யார் என்ன செய்தார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் போனவர்களின் தாய்மார் உட்கார்ந்தது அந்தக் கேள்வியை வைத்துத்தான், நானும் போய் இருந்திருக்கிறேன். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நாங்கள் முடிந்துவிடவில்லை. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை என்னிடம் கமரா கொண்டுவந்த ஒருவரும் கேட்டதில்லை. கேட்டது இந்த நந்திதா தாஸ்தான், அதுவும் என்னைக் கண்ணால் காணாமல்.

மகள் வவுனியாவில் படிக்கிறாள். போன மார்கழி லீவில் வந்தபோது மடிக்கணினியில் ஒரு படம் கொண்டுவந்தாள். பெயர் ‘ஃபிராக்’ என்றாள். சட்டையைப் பற்றிய படமா என்று கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தாள். உருதுச் சொல்லாம். பிரிவு என்றும் பொருள், தேடல் என்றும் பொருள். ஒரே சொல்லில் இரண்டும் அடங்குகிற பாஷை எங்களுக்கும் இருந்திருந்தால் எவ்வளவு வசதி என்று நினைத்தேன், காணாமல் போனவரின் பெண்சாதி என்று எழுத அந்த ஒரு சொல் போதும்.

நந்திதா தாஸ் முதன்முதல் இயக்கிய படம் அது. 2002இல் குஜராத்தில் நடந்த கலவரத்துக்கு ஒரு மாதம் கழித்து, ஒரே ஒரு நாளில் நடக்கும் கதை. நம்மவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தைப் பிடித்த ரவி கே.சந்திரன்தான் இதற்கும் கமரா, அதை வெட்டித் தொகுத்த ஸ்ரீகர் பிரசாத்தான் இதற்கும் எடிட்டர், இரண்டு படத்துக்குமே அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அதாவது சியாமாவை அழவைத்துப் படம் பிடித்த அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டுதான் அவர் தன் படத்தை எடுக்கப் போயிருக்கிறார். இதை ஏன் ஐயா உங்கள் நிருபர் எழுதவில்லை? இது எங்கள் ஊர்ச் செய்தி மாதிரி எனக்குப் படுகிறது.

இன்னொன்று. அந்தப் படம் இந்தியாவில் தியேட்டருக்கு வந்தது 2009 மார்ச்சில். திகதியை மகள் வாசித்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. 2009 மார்ச்சில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று வன்னி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொடக்கத்தில் லொறியில் வரும் பிணங்களைப் புதைப்பார்கள். அதோடு சரி. கலவரத்து வெட்டுக்குத்தும் நெருப்பும் திரையில் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது, சனம் வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறக்கிறது, தேத்தண்ணி வைக்கிறது, பயப்படுகிறது, பொய் சொல்கிறது. தகப்பனைத் தேடி ஒரு சின்னப் பெடியன் தெருத்தெருவாக நடக்கிறான். ஒரு கிழட்டுப் பாட்டுக்காரர், நசிருதீன் ஷா, ஊரில் நடந்தது காதில் விழாதவர் மாதிரி இருக்கிறார். எல்லாம் இந்தி, குஜராத்தி, உருது. ஆங்கில எழுத்து கீழே ஓடுகிறது, மகள் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். பாதியில் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை.

தீப்தி நவல் என்றொரு நடிகை அதில் ஆர்த்தி என்ற குடும்பப் பெண்ணாக வருகிறா. அவவுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. கலவர நேரம் ஒரு முஸ்லிம் பெண் உயிர்தப்ப ஓடிவந்து இவவின் கதவைத் தட்டியிருக்கிறாள், இவ திறக்கவில்லை. அவ்வளவுதான். அந்தத் தட்டுகிற சத்தம் இவவை விடவில்லை. சமைக்கும்போது கொதி எண்ணெயை எடுத்துத் தன் கையில் விட்டுக்கொள்கிறா. ஒருவருக்கும் தெரியாமல், சேலையால் மூடிக்கொண்டு, திரும்பவும்.

நான் எழும்பிப் போய்விட்டேன். கோழிக்கு அரிசி போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனேன், இரவு எட்டு மணிக்கு.

கடைசிச் சண்டை நேரம் நாங்கள் கிடந்த மாத்தளனில் மண் சும்மா சரியும். கடற்கரை மண், வெட்ட வெட்டத் தூரும். பங்கர் வெட்டினால் சுற்றிவர மூட்டை அடுக்கவேண்டும், மூட்டைக்குச் சாக்கு இல்லை. எல்லோரும் சேலையை வெட்டித் தைத்தார்கள், நானும் தைத்தேன். கடைசியாக மிஞ்சியது கூறைச்சேலை. அதையும் வெட்டினேன், நாலு மூட்டை வந்தது, சரிகைக்கரை வெளியில் தெரியத் தைத்திருந்தேன், ஏன் அப்படித் தைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஆறு பேருக்கு வெட்டின பங்கரில் ஒன்பது பேர் இருந்தோம். ஒருநாள் விடியப்புறம் செல் கிட்டக்கிட்ட விழுகிறது. ஒரு பெட்டை வந்து நின்றாள், கையில் துவாய்க்குள் சுற்றின பிள்ளை. உள்ளே வரலாமா என்று கேட்கக்கூட இல்லை, குனிந்து பார்த்தாள். வாசலில் இருந்தது நான். நான்தான் சொன்னேன், “இடமில்லையம்மா, அங்கால பாருங்கோ.” இடம் இல்லைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் மகளை மடியில் தூக்கி வைத்திருந்தால் இருந்திருக்கும். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அங்கால போனாள். பிறகு அவளை நான் காணவில்லை, மெனிக் பாம் முகாமில் தண்ணி வரிசையில் நிற்கும்போதெல்லாம் துவாயில் சுற்றின பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. கமராவோடு வந்த அத்தனை பேரும் என்னைப் பாதிக்கப்பட்டவள் என்று எழுதிக்கொண்டு வந்தவர்கள். பாதிக்கப்பட்டவளிடம் இந்தக் கேள்வியை யார் கேட்பார்கள்? கேட்டிருந்தாலும் கொட்டிலுக்கு முன்னால் இருந்துகொண்டு நான் சொல்லியிருக்கமாட்டேன். இதைப் பத்திரிகைக்கு எழுதுவதற்கும் பல நாள் யோசித்தேன்.

கோழிக்கூட்டடியிலிருந்து திரும்பி வர மகள் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு இருக்கிறாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள், “அம்மா, அந்த அன்ரி நீலச் சட்டையெல்லோ போட்டிருந்தவ?”

அன்றைக்கு அவளுக்கு ஆறு வயது.

ஆசிரியர் அவர்களே, ஒரு நடிகை இயக்குநரானதில் எனக்கு என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். இதுதான் வந்தது. நடிகையாக இருந்தபோது அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் நடந்ததைத் தாங்குகிற பெண்கள். ‘எர்த்’ படத்தில் பிரிவினைக் காலத்து லாகூரில் பிள்ளை பார்க்கிற ஆயா, ‘பவாண்டர்’ படத்தில் நீதி கேட்டு அலைகிற கிராமத்துப் பெண், பிறகு எங்கள் சியாமா. நன்றாகத் தாங்கினார், கான் திரைப்பட விழாவில் 2005இல் நடுவராக உட்கார்ந்தவர், நடிப்பில் குறைசொல்ல நான் யார். சமூகவேலை படித்து, நடிக்க வருமுன் தெருநாடகம் போட்டவர் என்றும் மகள் சொன்னாள். அதனாலோ என்னவோ, கமரா தன் கைக்கு வந்ததும் தாங்குகிறவளை மட்டும் காட்டவில்லை, கதவைத் திறக்காதவளையும் காட்டினார். அவவை வில்லியாகவும் காட்டவில்லை. அதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. எத்தனை படத்தில் எத்தனை பேர் சொல்லிக் கொடுத்தபடி அழுதிருப்பார், எந்த இடத்தில் கண்ணீர் பொய்யாகும் என்று அப்படி அழுதவருக்குத்தான் தெரியும். இது என்னுடைய ஊகம், அவர் சொன்னதில்லை. ஆனால் மூன்றுதரம் படத்தைத் துடைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மற்ற இரண்டு படத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லமாட்டேன். ‘மண்டோ’ 2018இல் வந்தது, முதல் படத்துக்கும் அதற்கும் இடையில் பத்து வருடம், உருது எழுத்தாளர் ஒருவருடைய கதை, எனக்குக் கொஞ்சம் நீளமாகப்பட்டது, மகளுக்கு நல்லாய்ப் பிடித்தது. ‘ஸ்விகாட்டோ’வை நான் தனியாகவே விளங்கிப் பார்த்தேன். தொழிற்சாலை வேலை போய், மோட்டார்சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருத்தனின் கதை, புவனேஸ்வரில் நடக்கிறது. போனில் நட்சத்திரம் குறைந்தால் அவனுக்குச் சோறு குறையும். எங்கள் பக்கத்துப் பெட்டைகள் விடிய நாலரைக்கு றோட்டில் நின்று ஆடைத்தொழிற்சாலை பஸ் ஏறுகிறார்கள், இலக்கு முடியாவிட்டால் அன்றைக்குப் பேச்சு. எனக்கு அந்தப் படத்தில் புதிதாக விளங்க ஒன்றும் இருக்கவில்லை, எல்லாம் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததை ஒரு ஆள் படமாக எடுத்திருக்கிறா என்பது நல்லாயிருந்தது. அந்த மூன்று பெயரையும்தான் நீங்கள் கடைசி வரியில் போட்டீர்கள். ‘மண்டோ’வை மண்டை என்று அச்சடித்தது உங்கள் ஆட்களா அல்லது அச்சுப்பேயா தெரியாது.

சண்டை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தைப் பார்த்ததும் மகள் சொன்னாள், பேப்பர்காரருக்கு எழுதி என்ன பிரயோசனம், படம் எடுக்கவேண்டும் என்று. எதை வைத்து எடுப்பாய் என்று கேட்டேன். போனைக் காட்டினாள். எதை எடுப்பாய் என்றேன். “அதை” என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது என்னுடையது, ஊருக்குக் காட்ட அல்ல என்றேன். “உங்கட மட்டும் இல்லையம்மா, நானும் அதுக்குள்ள இருந்தனான்” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. முறிகண்டிக்குப் போனேன், வறுத்தேன், சுண்டுப் பேணியால் அளந்து கொடுத்தேன், பிள்ளையாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வர, அவள் கிணற்றடிக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறாள். தமையனின் பெடியனும் உதவியிருக்கிறான். எங்கள் மண் செம்மண், மாத்தளன் மண் மாதிரிச் சரியாது, அதனால் உள்ளதைவிட நல்ல பங்கராக இருந்தது, அதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று நீலச் சட்டையோடு நிற்கிறாள், கையில் துவாய், துவாய்க்குள் தலையணை. ஆடைத்தொழிற்சாலையில் அவளுக்கு அன்றைக்கு லீவு. மகள் போனை ஒரு தடியில் கட்டி, பங்கருக்குள்ளிருந்து மேலே பார்க்கிறமாதிரி வைத்திருந்தாள். குனிந்து பார்க்கும் முகம் நல்லாய் விழுமாம்.

விழுந்ததுதான். நானும் பார்த்தேன். நான் பார்த்த மாதிரியே இருந்தது.

வேண்டாம் என்று சொன்னேன். என்ன வேண்டாம், படமே வேண்டாமா என்று கேட்டாள். போனை வெளியில் வை என்றேன். அந்தப் பெட்டைக்குப் பின்னால், அவளுடைய தோளுக்கு மேலால. அங்கேயிருந்து பார்த்தால் குழிக்குள் இருக்கிற ஆளின் முகம் தெரியும், மண்மூட்டையும் சரிகைக்கரையும் தெரியும். சரி, அப்ப குழிக்குள்ள ஆர் இருக்கிறது என்றாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நான் இறங்கினேன்.

இந்தக் கடிதத்தைப் பிரசுரிப்பதானால் மகளிர் பக்கத்தில் போடவேண்டாம். சினிமாப் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
முறிகண்டியில் கச்சான் விற்கும் வாசகி,
மாங்குளம்.